தள்ளுபடி கொடுத்த ஐந்து நிமிடம்

அத்தியாயம் 14

மூன்று நாட்களாக அந்த வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை. அதனால் மூன்றாவது ஆளுக்கு முட்டி வலித்தது.

மூன்றாவது ஆள் சின்னவள். மாடியில் இருக்கும் கணவன் சொல்வதைக் கீழே இருக்கும் ஓரகத்தியிடம் சொல்வதும், அவள் சொல்வதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதுமாக மூன்று நாளில் அவள் ஏறி இறங்கிய படிகளை அடுக்கினால் மேகத்தைத் தொட்டிருக்கலாம். "ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு சம்பளம் போட்டுக் குடுங்க" என்று நேற்று படியின் நடுவில் நின்றுகொண்டு சொல்லிப் பார்த்தாள். 

சண்டை எதற்கு என்று போன வாரக் கதையில் கூடவே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

கீழ்வீட்டு ஓரகத்தியான பெரியவள் ஷூ கம்பெனியில் மூன்றாவது லைன் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தை, கம்பெனி பாஷையில் அப்பரை, நாற்பத்திரண்டு பெண்கள் அந்த லைனில் தைக்கிறார்கள். முன்பு ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த கொழுந்தன், அதாவது சின்னவளின் கணவன், கேட்டில் நின்று "அண்ணி, அண்ணி" என்று தொண்டை கிழியக் கத்தினான். அன்றிலிருந்து மொத்தக் கம்பெனிக்கும் அவள் அண்ணி. நமக்கும் அப்படியே இருக்கட்டும். அவள் கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில்.

கொழுந்தன் கடைவீதியில் ஷூக்கடை வைத்திருக்கிறான். முக்கால்வாசி பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூ, எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் சரக்கு. கடை வாசலில் பன்னிரண்டு மாதமும் தள்ளுபடி போர்டு தொங்கும். ஆகவே தெருவில் அவன் பெயரே தள்ளுபடி. அதைப் பற்றி அவனுக்கு வருத்தம் கிடையாது, விளம்பரம் என்பான்.

இப்போது கம்பெனி அரசாங்கத்திடம் ஒரு மனு போட்டிருந்தது. வெளிநாட்டு ஷூவுக்கு இறக்குமதி வரியை ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் தையல் வேலையை வெளிநாட்டுக்கே கொடுத்துவிட்டு மூன்றாவது லைனை மாதக் கடைசியில் மூட வேண்டியிருக்கும் என்று. அண்ணி லைனில் மெஷின் மெஷினாகப் போய் நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். "இந்த வரி வந்தா நம்ம வேலை நிக்கும், நான் பொறுப்பு" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்.

வரி ஏறினால் தள்ளுபடியின் கடையில் ஒரு ஜோடி ஒன்றரை மடங்கு விலை ஆகும். அவனும் கடைக்காரர்கள் சார்பில் ஒரு எதிர் மனு போட்டான். சாப்பிடும்போது பேச்சு வந்தது. "நீங்க விக்கிற ஒவ்வொரு ஜோடியும் எங்க லைன்ல ஒருத்தியோட சோறு தம்பி" என்றாள் அண்ணி. "அப்ப மூணு புள்ளை பெத்தவங்க எல்லாம் வெறுங்காலோட பள்ளிக்கூடம் அனுப்பட்டும்னு சொல்றீங்களா?" என்றான் அவன். தட்டு நகர்ந்தது, நாற்காலி நகர்ந்தது, அவ்வளவுதான். கொழுந்தனை எப்போதும் 'நீ' என்பவள் அன்று 'நீங்க' என்று சொன்னதைச் சின்னவள் உடனே குறித்துக்கொண்டாள். அந்த வீட்டில் மரியாதை கூடினால் கோபம் என்று அர்த்தம்.

இரண்டு மனுவுக்கும் இன்று விசாரணை நாள்.

"அக்கா, ஒரே இடத்துக்கு ரெண்டு வண்டியா? ஊர் சிரிக்கும்" என்று சின்னவள் அண்ணியின் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, அப்படியே தோளைப் பிடித்துக் கடை வேனில் ஏற்றிவிட்டாள். தள்ளுபடி ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். அவன் சட்டைப் பையில் நான்காக மடித்த நான்கு பக்கப் பேச்சு. சின்னவள் எழுதிக் கொடுத்தது. ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்து, கண்ணாடிக்கே பாடமாகியிருந்தது.

வேன் கிளம்பியது. இரண்டு பேருக்கும் நடுவில் சாம்பிள் ஷூப் பெட்டி ஒன்று உட்கார்ந்து வந்தது.

சிக்னலில் நிற்கும்போது போன் அடித்தது. தள்ளுபடி ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, ஷூ விலை ஏறப்போகுதாமே?" ஒரு பெண் குரல். "மூணு பேருக்கும் இப்பவே எடுத்து வெச்சிடுங்க. பெரியவனுக்கு ரெண்டு சைஸ் பெருசாவே வையுங்க. முன்னாடி துணி அடைச்சுப் போட்டுக்குவான். அடுத்த வருசத்துக்கும் ஆயிடும்."

"துணியெல்லாம் அடைக்க வேணாம்மா, நடக்கும்போது கால் புரளும்" என்றான் தள்ளுபடி. "இன்னும் ஒண்ணும் முடிவாகல. சாயங்காலம் சொல்றேன்."

"யாருண்ணே ஏத்தச் சொல்றது?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யாரோ வேலை போயிடும்னு பயந்தவங்கம்மா" என்றான். "அவங்களும் பாவம்தான்." போனை வைத்தான். சிக்னல் விழுந்தது.

 அவன் தன்னை விட்டுக் கொடுக்காமல் பேசியது அண்ணியின் மனதில் நின்றது. பக்கத்தில் இருக்கிற ஆள்தான் என்று சொல்லியிருந்தாலும் அது பொய் இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

விசாரணை நடந்த கூடத்தில் மடக்கு நாற்காலிகள் பத்து வரிசை. முன்னால் பச்சைத் துணி விரித்த மேஜை, அதன் மேல் ஒரு தண்ணீர்க் கூஜா, ஒரு சின்ன மணி. மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த ஒரு அம்மாள்தான் விசாரணை அதிகாரி. ஆளுக்கு ஐந்து நிமிடம், மணி அடித்தால் உட்கார வேண்டும். அண்ணிக்கு எண் பதினேழு. தள்ளுபடிக்குப் பதினெட்டு.

வாசலிலேயே கம்பெனி மேனேஜர் அண்ணியைப் பிடித்துக்கொண்டார். பளபளவென்று பாலீஷ் போட்ட ஷூ, போன வருடம் கம்பெனி ஆண்டு விழாவில் மூன்றாவது லைன் தைத்துப் பரிசாகக் கொடுத்தது. அவர் கையில் இன்னொரு ஷூ, பிளாஸ்டிக் உறையோடு.

"நீங்க ஒண்ணும் நிறையப் பேச வேணாம்மா. இதைத் தூக்கிக் காட்டி, இது எங்க லைன்ல தைச்சது, இந்த வேலை எங்களுக்கு வேணும்னு சொன்னாப் போதும். மீதியை நான் பாத்துக்கறேன்."

"சரி சார்."

பதினேழு என்று கூப்பிட்டார்கள். அண்ணி முன்னால் போய் நின்று உறையைப் பிரித்தாள். இருபது வருடப் பழக்கம், ஷூவைக் கையில் எடுத்தால் அவள் கட்டைவிரல் தானாக உள்ளே போகும். நாடாவுக்கு அடியில் இருக்கும் நாக்கு தைத்த இடத்தை ஒரு தடவு தடவும். கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் பாஸ் போட வேண்டும்.

விரல் நின்றது. கடுகளவு ஏதோ உறுத்தியது.

மூன்றாவது லைனில் நூல் முனையை உள்ளே இழுத்துப் பசை வைத்து ஒட்டுவார்கள். கிடங்கில் ஒருதரம் தீப்பிடித்ததிலிருந்து கம்பெனிக்குள் தீக்குச்சிக்கும் அனுமதி இல்லை. வெளிநாட்டில் அப்படி இல்லை. அங்கே நூல் முனையை லைட்டரால் சுட்டுவிடுவார்கள், நைலான் உருகிக் கறுப்பாக ஒரு கடுகு மணி நிற்கும். அது அண்ணிக்கு எப்படித் தெரியும் என்றால், கொழுந்தனால்தான் தெரியும். அவன் கடை திறந்த புதிதில் இறக்கிய முதல் சரக்கில் நாக்கெல்லாம் பிய்ந்து வந்தது, வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். அண்ணி மூன்று ஞாயிற்றுக்கிழமை கடையின் பின்னால் உட்கார்ந்து அத்தனை ஜோடியையும் கையால் தைத்துக் கொடுத்துக் கடையின் பெயரைக் காப்பாற்றினாள். இன்றைக்கும் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் அங்கேதான் ஊசியோடு இருப்பாள். அந்த ஊர்த் தையல் அவளுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து மாதிரி பழகியிருந்தது.

இது அந்த ஊர்த் தையல். அழகான தையல் என்பதையும் சொல்ல வேண்டும், முகம் தெரியாத எவளோ ஒருத்தி கண்ணும் கருத்துமாகத் தைத்திருந்தாள். ஆனால் மூன்றாவது லைன் இல்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி அம்மாள்.

மேனேஜர் தலையை ஆட்டி ஆட்டி ஊக்கம் கொடுத்தார்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அண்ணி யோசித்தாள். வரி வரும். விலை ஏறும். அப்படியும் மூன்றாவது லைனுக்கு வேலை வராது, ஏனென்றால் அப்பர் ஏற்கெனவே வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. சொன்னால் அவள் வேலை இன்றைக்கே போகலாம். நாற்பத்திரண்டு பேரிடம் "நான் பொறுப்பு" என்று சொன்னதும் இந்த வாய்தான்.

"இது எங்க லைன்ல தைச்சது இல்லம்மா" என்றாள்.

அண்ணி ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டினாள்.

"சோல் எங்க கம்பெனியில ஒட்டினது. அப்பர் வெளிநாட்டுல தைச்சு வந்தது."

மேனேஜர் எழுந்தார். "அம்மா பதட்டத்துல பேசறாங்க. ஒரு கறுப்புப் புள்ளியை வெச்சு அப்படியெல்லாம் சொல்ல முடியாது."

"புள்ளி இருக்குன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே சார்" என்றாள் அண்ணி.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒத்துப் பாக்கணும்னா சார் கால்ல இருக்கறதைக் கழட்டச் சொல்லுங்கம்மா. அது நாங்க தைச்சது. உள்ளே விரலை விட்டுப் பாருங்க, வழவழன்னு இருக்கும்."

அதிகாரி அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கழட்டுங்க."

மேனேஜர் சட்டம் பேசினார், மரபு பேசினார், கடைசியில் குனிந்து நாடாவை அவிழ்த்தார். அம்மாள் இரண்டு ஷூவிலும் விரலை விட்டு மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மனுவைப் புரட்டினார். ஏழாவது பக்கத்தில் பென்சில் நின்றது. முழு ஷூவுக்கு எல்லா அளவிலும் வரியை ஏற்ற வேண்டும், தைத்த அப்பருக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று அவர் வாய்விட்டுப் படித்தார். அண்ணியிடம் கையெழுத்துக்கு வந்தது முதல் பக்கம் மட்டும்தான்.

"அந்த விலக்கு..." என்று அவள் ஆரம்பிக்கவும் மணி அடித்தது.

"ஐந்து நிமிடம் முடிந்தது. பதினெட்டு" என்றார் மேஜை ஓரத்தில் இருந்த மணிக்காரர்.

 அண்ணி குட்டை உடைத்ததோடு சரி, நாற்பத்திரண்டு பேருக்காகக் கேட்க வந்ததை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷூவை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். எதிரில் தள்ளுபடி வந்துகொண்டிருந்தான், கையில் நான்கு பக்கம்.

அவன் மேஜை முன்னால் நின்றான். தாளைப் பிரித்தான். மறுபடி மடித்துப் பையில் வைத்தான்.

"அம்மா, நான் கடைக்காரன். எனக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு."

"பேசுங்க."

"அதை எங்க அண்ணிக்குக் குடுத்துடுங்க."

"நீங்க எதிர் மனுக்காரர் இல்லையா?"

"ஆமாம்மா. எதிர்தான். கீழ் வீடு மேல் வீடு, அதனால எதிர்னும் சொல்லலாம்" என்றான். "அவங்க பாதியில நிக்கறாங்க. பேசி முடிக்கட்டும். அவங்க பொய் சொல்லி நான் கேட்டதில்ல."

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அதிகாரி அம்மாள் மணிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அண்ணி மேஜைக்குத் திரும்பி நடந்தாள். ஒரு வாரமாக இந்தப் பிள்ளை கண்ணாடி முன்னால் கத்தியது அவள் காதிலும்தான் விழுந்தது. அதை அப்படியே தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டுத் தூணில் சாய்ந்து நிற்கிறான். கடவுளே, இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"அம்மா, வரி போடறதும் போடாததும் உங்க விஷயம்" என்று ஆரம்பித்தாள். "ஆனா தைக்கிறவங்க பேரைச் சொல்லி வரி போட்டா, தைக்கிறவங்களுக்கு வேலை இருக்கணும். அப்பருக்கு விலக்கு குடுத்தா சனங்க அதிக விலை குடுப்பாங்க, எங்க மெஷின் சும்மா நிக்கும். யாருக்கு லாபம்னு நான் சொல்ல வேண்டாம். விலக்கை எடுத்துட்டுப் பேசச் சொல்லுங்க. இல்லாட்டி எத்தனை பேரை எத்தனை வருசம் வேலையில வெச்சிருப்பாங்கன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

அம்மாள் எழுதிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார் மணிக்காரர், இப்போது கொஞ்சம் மெதுவாக.

அண்ணி தூண் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"இந்த நேரம் எங்க தம்பியோடது. அதனால அவனுக்காகவும் பேசிடறேன். எங்க கம்பெனி குழந்தைங்க அளவு தைச்சு நாலு வருசம் ஆச்சு. அந்த அளவு ஷூவுக்கு உருவம் புடிக்கற அச்சுக்கட்டையே வித்தாச்சு. நாங்க தைக்காத ஷூவுக்கு வரி எதுக்கு? அதுல எங்க வேலை ஒண்ணும் காப்பாத்தப்படாது. இன்னிக்கிக் காலையில ஒரு அம்மா போன் பண்ணி, புள்ளைக்கு ரெண்டு சைஸ் பெருசா ஷூ எடுத்துத் துணி அடைக்கறேன்னு சொல்றாங்க. அந்த வரி அந்தத் துணியிலதான் போய் முடியும். எல்லா அளவும்னு எழுதியிருக்கு பாருங்க, அதையும் அடிச்சிடுங்க."

மணி அடிப்பதற்கு முன்னாலேயே அவள் முடித்துவிட்டாள்.

அதிகாரி அம்மாள் இரண்டு ஷூவையும் காகிதத்தில் சுற்றி முத்திரை வைக்கச் சொன்னார். "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு நான் கம்பெனியில இருப்பேன். மூன்றாவது லைன் எப்படி இருக்கோ அப்படியே பார்க்கணும்" என்றார். மேனேஜர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

இன்னும் இருபது மனு இருந்தது. எல்லாம் முடிந்து கையெழுத்துப் போட்டுக் கிளம்பும்போது மணி ஐந்தேகால். வேனில் ஏறியதும் அண்ணி சாம்பிள் பெட்டியைத் தூக்கிப் பின்னால் போட்டாள்.

"தம்பி, ரொம்ப நன்றிடா."

"நான் என்ன பண்ணினேன்? மனப்பாடம் மறந்துபோச்சு, அதான் தள்ளிவிட்டேன்."

"உன் பேச்சை உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும். முதல் வரி, மதிப்பிற்குரிய அம்மா அவர்களே."

"இதைப் போய் உங்க ஓரகத்திகிட்ட சொல்லிடாதீங்க. கஷ்டப்பட்டு எழுதினா."

'நீ' திரும்பி வந்துவிட்டது. அவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு ஓட்டினான். அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. மூன்றாவது லைனின் மூத்த தையல்காரி, பாபின் அக்கா. எந்த நேரமும் காதோரத்தில் நூல் சுற்றிய ஒரு பாபின் செருகியிருப்பதால் அந்தப் பெயர். பின்னால் மெஷின் இரைச்சல்.

"அண்ணி, லாரி வந்திருக்கு. நாலு பேர் ஸ்பேனரோட வந்து மெஷினைக் கழட்டணும்னாங்க. இன்னிக்கே ஏத்தணுமாம். ராத்திரிக்குள்ள லைன் காலியா இருக்கணும்னு உத்தரவாம்."

 நாளை ஒன்பது மணிக்கு அம்மாள் வந்தால் வெறும் தரைதான் இருக்கும்.

"மேனேஜர் போன்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு. உங்க அண்ணி விசாரணையில உங்களைக் கவுத்துட்டாங்க, போய் அவங்களையே கேளுங்கன்னு."

"அக்கா, நான்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அண்ணி சொல்லியிருந்தா அது உண்மையாத்தான் இருக்கும்னு நான் சொல்லிட்டேன். எல்லாரும் ஆமான்னாங்க. அப்பர் தர மாட்டேன்னுட்டாங்க, அதனால கழிவுத் தோலை எடுத்து வெச்சுத் தைச்சுக்கிட்டிருக்கோம். நாப்பத்திரண்டும் ஓடுது. ஓடற மெஷின்ல எவன் கையை வைப்பான்?"

 கையெழுத்து வாங்கும்போது அண்ணி இவர்களுக்குப் பொறுப்பு என்றாள். இப்போது இவர்கள் அவளுக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

 தள்ளுபடி வீட்டுக்குப் போகும் திருப்பத்தை விட்டு வேனைக் கம்பெனிப் பக்கம் திருப்பினான்.

கேட் பூட்டியிருந்தது. உள்ளே முற்றத்தில் லாரி பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. நான்கு பேர் படியில் குந்தியிருந்தார்கள். ஷெட்டிலிருந்து மெஷின் சத்தம் வந்தது. வெறும் மெஷின் ஓடுவதற்கும் தோலில் ஊசி இறங்கி ஓடுவதற்கும் வித்தியாசம் அண்ணிக்குத் தெரியும். இது தைக்கிற சத்தம்.

காவலாள் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். "உங்களை உள்ளே விடக் கூடாதுன்னு உத்தரவு அண்ணி."

"உன் வேலைக்கு வம்பு வேணாம்ப்பா. நான் இங்கேயே நிக்கறேன்."

"ஆறு மணிக்குச் சங்கு ஊதினா மெயினை அணைச்சிடுவாங்க இல்ல?" என்று தள்ளுபடி மெல்லக் கேட்டான்.

அண்ணி தலையசைத்தாள். ஷிப்ட் முடிந்த சங்கு ஊதியதும் எலக்ட்ரீஷியன் சுவிட்சை இறக்குவான். சங்கு கேட்காமல் அவன் அதைத் தொடக் கூடாது, விபத்து நடக்காமல் இருக்கக் கம்பெனியே போட்ட விதி. கரண்ட் நின்றால் மெஷின் நிற்கும், நின்ற மெஷின்களைக் கழற்றி ஏற்ற ஒரு ராத்திரி போதும். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு அடிக்க இன்னும் இரண்டு நிமிடம்.

"உங்களை உள்ளே விடக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றான் காவலாள். "சரி, விடல. ஆனா இங்கே சங்கு ஊதற ஆள் நான்தான் அண்ணி."

அவன் காவல் அறையிலிருந்து நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டான். சங்குப் பொத்தானுக்கு முதுகைக் காட்டி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.